சிக்னல் குறைந்த இடத்தில் என்பிஎம்

ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளை) இறக்கித் தரும் கருவி என்பிஎம். அதன் என்பிஎம் இன்ஸ்டால் கட்டளையின் கடைசியில், முன்னால் இரண்டு சிறுகோடு போட்டு 'ப்ரிஃபர்-ஆஃப்லைன்' என்று சேர்த்து அடியுங்கள். பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கம் செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி வேலை பார்ப்பவர்களுக்கு நேரமும் மிச்சம், டேட்டாவும் மிச்சம்.

ஒருமுறை இறக்கிய பேக்கேஜை என்பிஎம் தன் கேஷில், அதாவது நம் கம்ப்யூட்டரிலேயே உள்ள சேமிப்பில், வைத்திருக்கும். புராஜெக்டுக்குள் பேக்கேஜ்கள் வந்து சேரும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை அழித்தாலும் அது போகாது. ஆனாலும், கையில் இருக்கும் விவரம் பழசாகிவிட்டதா என்று ரெஜிஸ்ட்ரியிடம் (பேக்கேஜ்கள் இருக்கும் இணையக் கிடங்கிடம்) விசாரிக்கும். சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கும்போது இழுத்தடிப்பது இந்த விசாரிப்புதான். ப்ரிஃபர்-ஆஃப்லைன் போட்டால் அதை விட்டுவிட்டு, கேஷில் இல்லாததை மட்டும் இறக்கும். வெறும் 'ஆஃப்லைன்' என்று போடாதீர்கள், ஒரு பேக்கேஜ் குறைந்தாலும் பிழை காட்டி நின்றுவிடும்.

புது புராஜெக்டில்தான் பலன் அதிகம். எந்தப் பேக்கேஜுக்கு எந்த வெர்ஷன் என்று குறித்துவைக்கும் லாக் ஃபைல் இருந்தால் வெர்ஷன் முன்பே முடிவாகியிருக்கும், பெரிய வித்தியாசம் தெரியாது. புது லேப்டாப்பிலும், கேஷைச் சுத்தம் செய்த கையோடும் இது உதவாது. அப்புறம், பாதுகாப்புக் குறையைச் சரிசெய்த புது வெர்ஷன் வேண்டுமென்றால் இதை எடுத்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள். இல்லாவிட்டால் பழையதே வந்து உட்காரலாம்.