எவர்சில்வரில் மார்க்கர் மையா? தேய்க்காதீர்கள், கரையுங்கள்

விசேஷத்துக்கு அண்டா, குண்டான் இரவல் கொடுக்கும்போது மாறிப்போகாமல் இருக்க பெர்மனென்ட் மார்க்கரால் பெயரை எழுதிவிடுகிறோம், பாத்திரம் திரும்பி வந்த பிறகு அந்தப் பெயர் போகவே மாட்டேன் என்கிறது. உடனே கம்பி நாரை எடுத்து அழுத்தித் தேய்க்காதீர்கள். எங்கள் வீட்டுத் தூக்குவாளி ஒன்றில் அப்படித் தேய்த்து எழுத்து போய்விட்டது, ஆனால் அது இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மங்கல் விழுந்து இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

இந்த மையில் சாயத்தோடு ஒரு பிசினும் இருக்கும். இரண்டும் ஆல்கஹால் மாதிரி சட்டென்று ஆவியாகும் திரவத்தில் கரைந்திருக்கும். எழுதியதும் திரவம் பறந்துவிடும், பிசின் சாயத்தைப் பிடித்துக்கொண்டு உலோகத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். தண்ணீருக்கு அது அசையாது, ஆல்கஹால் மறுபடி பட்டால் இளகிவிடும். துணி மாதிரி எவர்சில்வர் மையை உள்ளே இழுத்துக்கொள்வதில்லை என்பதால் வேலை சுலபம்தான்.

மெடிக்கல் ஷாப்பில் சர்ஜிகல் ஸ்பிரிட் வாங்கிக்கொள்ளுங்கள். அடுப்பை அணைத்து, விளக்கு ஏற்றியிருந்தால் அதையும் அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு உட்காருங்கள், ஸ்பிரிட் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். பஞ்சை நன்றாக நனைத்து எழுத்தின் மேல் அரை நிமிடம் வையுங்கள். எடுத்துப் பார்த்தால் பஞ்சில் கறுப்பு ஏறியிருக்கும், எழுத்தின் ஓரங்கள் கலங்கியிருக்கும். இப்போது வெளியிலிருந்து உள்ளே துடையுங்கள், ஒவ்வொரு முறையும் பஞ்சின் சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அதே அழுக்குப் பஞ்சால் துடைத்துக்கொண்டே இருந்தால் மை போகாது, பாத்திரம் முழுக்கச் சாம்பல் நிறமாகப் பரவும், பலர் "ஸ்பிரிட் வேலை செய்யவில்லை" என்று விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். கோடுகோடாக இழை தெரியும் ஸ்டீல் என்றால் அந்த இழை போகும் திசையிலேயே துடையுங்கள். கடைசியில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவாமல் அதில் சமைக்க வேண்டாம், சர்ஜிகல் ஸ்பிரிட் வயிற்றுக்குள் போகக் கூடாத சரக்கு.

ஸ்பிரிட் இல்லையா, சானிடைசர் போதும், ஆனால் லேபிளில் ஆல்கஹால் இருக்கிறதா என்று பாருங்கள், ஆல்கஹால் இல்லாத சானிடைசரும் விற்கிறது. அதுவும் இல்லையென்றால் ஒயிட்போர்டு மார்க்கரால் பழைய எழுத்தின் மேலேயே தடவி, காய்வதற்குள் துடைத்துவிடுங்கள், அந்த மார்க்கரில் உள்ள திரவமே பழைய மையையும் இளக்கிக் கொண்டுவந்துவிடும்.

எழுத்தோடு அடுப்பில் ஏறி மை சூட்டில் இறுகிப்போன பாத்திரம் கொஞ்சம் படுத்தும். ஸ்பிரிட் பஞ்சை இரண்டு மூன்று தடவை வைத்து எடுத்துவிட்டு, ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்து மெல்லிய துணியால் தேய்த்தால் மிச்சமும் வந்துவிடும். அலுமினியத்தில் சோடா வேண்டாம், கறுத்துவிடலாம், ஸ்பிரிட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலை எவர்சில்வர் பக்கமே கொண்டுபோக வேண்டாம், அதிலுள்ள குளோரின் ஸ்டீலைப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.

அப்புறம் பீரோ, பிரிட்ஜ் கதவு. பிள்ளைகள் கைவரிசை பெரும்பாலும் அங்கேதான். அது வெறும் உலோகம் இல்லை, மேலே பெயின்ட் இருக்கிறது. நெயில் பாலிஷ் ரிமூவரில் பொதுவாக அசிட்டோன் இருக்கும், மையோடு பெயின்டையும் உரித்துவிடும். பளபளப்பு போகாமல் இருக்க மேலே வார்னிஷ் பூசிய பித்தளைச் சாமானுக்கும் இதே கதிதான். அதனால் சானிடைசரை முதலில் கதவின் அடி ஓரத்தில், கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு வைத்துத் துடைத்துப் பாருங்கள். பஞ்சில் கதவின் நிறம் ஒட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒட்டவில்லை என்றால் கிறுக்கலில் கொஞ்சம் தடவி, ஊறவிடாமல் உடனே துடைத்து, ஈரத் துணியால் ஒரு முறை துடைத்துக் காயவிடுங்கள்.