ஒரு பிள்ளை தற்கொலையில் போன வீட்டில், இருக்கிற பிள்ளையைக் கவனித்துக்கொள்வது எப்படி

ஒரு வீட்டில் அண்ணனோ அக்காவோ தற்கொலை செய்துகொண்டால், கேதம் கேட்க வருகிற கூட்டம் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்துவிடும். அப்பாவை நாலு பேர் வாசலில் பிடித்து உட்கார வைத்திருப்பார்கள். பதினைந்து, பதினாறு வயதில் ஒரு தம்பியோ தங்கச்சியோ இருந்தால், அந்தப் பிள்ளை சேர் எடுத்துப் போட்டுக்கொண்டும், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டும், வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்த பஸ் ஏறணும் என்று போனில் சொல்லிக்கொண்டும் அலையும். பொறுப்பான பிள்ளை என்று எல்லாரும் சொல்வார்கள். அதுவும் கூடப்பிறந்ததைப் பறிகொடுத்துவிட்டுத்தான் நிற்கிறது என்பது பல பேருக்கு உறைப்பதே இல்லை.

எங்கள் அண்ணன் போனபோது நான் பத்தாவது படித்தேன், மேலூர் பக்கம் கிராமம். அதற்கப்புறம் இதே மாதிரி வீடுகளில் அந்தப் பிள்ளைகளோடு நிறைய உட்கார்ந்திருக்கிறேன். முதல் சில வாரங்கள் பெற்றவர்கள் எதையும் படிக்கிற நிலையில் இருக்க மாட்டார்கள், அதனால் இதைச் சித்தி, மாமா, அத்தை, பெரியப்பாமார்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன். உங்களில் ஒருவர் அந்தப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் பார்த்துக்கொள்வோம் என்றால் யாருமே பார்க்க மாட்டோம்.

முதலில், உண்மையைச் சொல்லுங்கள். ஊருக்கு ஹார்ட் அட்டாக் என்றோ வயிற்றுவலி என்றோ சொல்ல நீங்கள் முடிவு செய்திருக்கலாம், அது குடும்பத்தின் முடிவு. ஆனால் வீட்டுக்குள் இருக்கிற பிள்ளையிடம் அந்தப் பொய் வேண்டாம். அதற்கு எப்படியும் தெரிந்துவிடும், தெரிந்த பிறகு நீங்கள் சொல்கிற வேறு எதையும் நம்பாது. "அண்ணன் தானாகவே உயிரை விட்டுட்டான், ஏன்னு முழுசா நமக்குத் தெரியாது, யாரும் இதுக்குக் காரணம் இல்ல, நீயும் இல்ல" என்று சொன்னால் போதும். எப்படி நடந்தது என்று திரும்பத் திரும்ப விவரிக்க வேண்டாம். "மார்க் குறைஞ்சதால", "அந்தப் பொண்ணால", "அப்பா திட்டினதால" என்று ஒற்றைக் காரணத்தில் முடிக்கவும் கூடாது. தற்கொலைக்குப் பின்னால் பெரும்பாலும் பல விஷயங்கள் சேர்ந்திருக்கும், வெளியே தெரியாத மன நோய் இருந்திருக்கலாம். ஒரே காரணம் என்று சொல்லிவிட்டால், அடுத்த வருஷம் மார்க் குறைகிறபோது இந்தப் பிள்ளை எதை நினைக்கும்?

அப்புறம் போலீஸ். தற்கொலை என்றால் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் வரும், அது குற்றம் சாட்டுவது ஆகாது, சட்டப்படி நடக்கிற வேலை. முன்னே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு என்று சொல்வார்கள், 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (BNSS) அது 194ஆம் பிரிவு. கூடப்பிறந்தவரிடமும் கேள்வி கேட்பார்கள். பெண் பிள்ளையாக இருந்தாலோ, 15 வயதுக்குக் கீழே உள்ள பையனாக இருந்தாலோ, ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது, அவர்கள் இருக்கிற இடத்துக்கு வந்துதான் கேட்க வேண்டும். பையனுக்குப் பதினாறு, பதினேழு என்றால் ஒரு பெரியவர் கூடவே போங்கள். போன் பாஸ்வேர்டு பெரும்பாலும் இந்தப் பிள்ளைக்குத்தான் தெரிந்திருக்கும், ராத்திரி எல்லாம் உட்கார்ந்து மெசேஜ் ஒவ்வொன்றாகத் தோண்டி ஆதாரம் தேடுகிற வேலையை அதன் தலையில் போடாதீர்கள்.

கேதம் கேட்க வருகிறவர்கள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகமான காயம் அங்கேதான் விழுகிறது. "கூடத்தானே படுத்திருந்த, உனக்கு ஒண்ணும் தெரியலையா?" என்று கேட்பார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, வாயில் வந்துவிடுகிறது, ஆனால் அந்த ஒரு கேள்வி வருஷக்கணக்கில் பிள்ளையின் மண்டைக்குள் ஓடும். இன்னொன்று, "இனி நீதான் அப்பா அம்மாவைப் பார்த்துக்கணும், நீ அழக்கூடாது". மூன்றாவது, துர்மரணம், ஆவி அலையும், சாந்தி பண்ணணும் என்கிற பேச்சு. அண்ணன் அலைகிறான் என்று கேட்ட பிள்ளை ராத்திரி எப்படித் தூங்கும்? நீங்கள் பக்கத்தில் இருந்து குறுக்கே விழுந்து நிறுத்த வேண்டியது இதையெல்லாம்தான். "பெரியம்மா, அவளை விடுங்க, அவளும் இழந்துதான் நிக்கிறா" என்று சத்தமாகவே சொல்லலாம், மரியாதைக் குறைவு ஒன்றும் ஆகிவிடாது. முடிந்தால் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது அந்தப் பிள்ளையை வீட்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போங்கள், கண்மாய்க்கரை வரை நடந்தால்கூடப் போதும், பேசியே ஆகணும் என்று இல்லை.

காரியங்களில் பிள்ளைக்கு இடம் கொடுங்கள். தத்தனேரி சுடுகாட்டுக்குப் பொம்பளைப்பிள்ளை வரக்கூடாது என்று சொல்லிக் கதவைச் சாத்தும் முன்னால், அவள் வர விரும்புகிறாளா என்று ஒரு தடவை கேளுங்கள். வர விருப்பமில்லை என்றால் அதையும் விட்டுவிடுங்கள். பையன் என்பதற்காகக் கொள்ளி வைக்கச் சொல்லித் தள்ளவும் வேண்டாம். இறந்தவரின் துணிமணியையும் சாமான்களையும் பதினாறாம் நாளுக்குள் ஒழித்துக்கட்டும் அவசரம் நம் பக்கம் இருக்கிறது. ஒரு சட்டை, ஒரு வாட்ச், நோட்டு, எதை வேண்டுமானாலும் பிள்ளை எடுத்து வைத்துக்கொள்ளட்டும், அதைக் கேட்காமல் எதுவும் வெளியே போகக் கூடாது. கண்ணெதிரே வேண்டாம் என்று பெற்றவர்கள் சொன்னால், உங்கள் வீட்டு பீரோவில் வாங்கி வையுங்கள்.

பேப்பரில் படத்தோடு செய்தி வந்துவிடுமோ என்ற பயம் இருந்தால், இந்திய பிரஸ் கவுன்சில் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலைச் சொல்லிப் பேசலாம். எப்படி இறந்தார் என்று விவரிக்கக் கூடாது, படம் போடக் கூடாது, பரபரப்பாகத் தலைப்பிடக் கூடாது என்று அதில் இருக்கிறது.

பள்ளிக்கு எப்போது அனுப்புவது என்பதைப் பிள்ளையிடமே கேளுங்கள், சிலருக்கு வீட்டை விட வகுப்பறை ஆறுதல். போகும் முன்னால் நீங்கள் போய் வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள். மற்ற பிள்ளைகளிடம் என்ன சொல்வது, அழுகை வந்தால் எங்கே போய் உட்காரலாம், யாரிடம் சொல்லிவிட்டுப் போகணும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். பொதுத்தேர்வு வருஷமாக இருந்தால், துணைத்தேர்வு இருக்கிறது, ஒரு வருஷம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை என்பதைப் பெற்றவர்கள் வாயாலேயே பிள்ளை கேட்க வேண்டும்.

இப்போது உன்னிடம் பேசுகிறேன், தம்பி, பாப்பா, யாராக இருந்தாலும். அழுகை வராமல் ராத்திரி முழுக்க போனில் கேம் விளையாடினாயா, பாசம் இல்லாதவன் ஆகிவிட மாட்டாய். நடுவே ஏதோ ஒரு ரீல்ஸ் பார்த்துச் சிரித்துவிட்டாயா, தப்பில்லை. அண்ணன் மேல் கோபம் வரும், "என்னை இப்படி விட்டுட்டுப் போயிட்டியே" என்று கத்தத் தோன்றும், கத்து. ரொம்ப நாள் அவனால் வீட்டில் சண்டையும் பயமும் இருந்திருந்தால் ஒரு நிம்மதிகூட வரும், அதை வெளியே சொல்லவே கூசும், அதுவும் எங்களைப் போல நிறையப் பேருக்கு வந்ததுதான். கடைசியாகச் சார்ஜருக்கோ ரிமோட்டுக்கோ சண்டை போட்டது மனசில் முள்ளாகக் குத்தும். கூடப்பிறந்தவர்கள் சண்டை போடுவார்கள், அதனால் யாரும் சாவதில்லை. அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, அப்பா குடித்துவிட்டு வருகிறாரா என்று காவல் காப்பது உன் வேலை இல்லை. அதைப் பார்க்கும்போது பயமாக இருந்தால் மாமாவுக்கோ சித்திக்கோ போன் போடு, அதற்குத்தான் அவர்கள்.

பெரியவர்களே, ஒரு விஷயத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள். தற்கொலையில் ஒருவரை இழந்தவர்களுக்கு அந்த எண்ணம் வரும் ஆபத்து மற்றவர்களை விட அதிகம். "நானும் அண்ணன்கிட்டயே போயிடறேன்" என்று பிள்ளை சொன்னால், தனக்குப் பிடித்த பொருளை எல்லாம் எடுத்துக் கொடுத்தால், தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போனால், நேரடியாகக் கேளுங்கள்: "சாகணும்னு நினைப்பு வருதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்டால் பிள்ளைக்குப் பேச வழி கிடைக்கும். வருது என்று சொன்னால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், தனியாக விடாதீர்கள். தோட்டத்துப் பூச்சிமருந்து, பாட்டியின் மாத்திரைகள் எல்லாம் அன்றைக்கே வீட்டை விட்டுப் போகட்டும், இல்லையென்றால் பூட்டுக்குள் போகட்டும். 14416 டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவிக்கான இலவச எண், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், பிள்ளைக்காக நீங்களும் கூப்பிடலாம். அரசு சுகாதார உதவி எண் 104லும் பேசலாம். பதினெட்டு வயதுக்குள் இருந்தால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098 உண்டு. கோரிப்பாளையம் பக்கத்தில் பெரியாஸ்பத்திரியிலேயே, அதுதான் அரசு ராஜாஜி மருத்துவமனையில், மனநலப் பிரிவு இருக்கிறது, ஓபி சீட்டு போட்டால் பார்க்கலாம். ராத்திரியில் நிலைமை மோசமானால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். வெளியே சொன்னால் கேஸ் ஆகிவிடும் என்று பயப்படுகிற குடும்பங்களை இன்னும் பார்க்கிறேன். எண்ணம் வருகிறது என்று சொல்வது குற்றமே இல்லை. முயற்சி செய்தவரைக்கூடக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்க வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது.

முதல் வருஷம் பண்டிகை கிடையாது என்பது வழக்கம், பல வீடுகளில் அது நல்லதாகவே அமைகிறது, யாருக்கும் சிரித்த முகம் காட்ட வேண்டியதில்லை. ஆனால் சித்திரைத் திருவிழா தெருவிலேயே வந்துவிடும், கொட்டுச் சத்தத்தை நிறுத்த முடியாது. கள்ளழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்கு அண்ணன் பின்னால் வண்டியில் உட்கார்ந்து போன பிள்ளைக்கு அந்த வாரம் கஷ்டம். போகலாமா, வெளியூர் போய்விடலாமா, வீட்டிலேயே இருக்கலாமா என்று பத்து நாள் முன்னாலேயே கேட்டு வையுங்கள். பிறந்தநாளுக்கும், இறந்த நாளுக்கும் அப்படியே. அன்றைக்கு அவன் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள், அவன் செய்த குறும்புகளைப் பேசுங்கள். பெயரையே எடுக்காமல் விட்டால், நம் வீட்டில் அவனைப் பற்றிப் பேசுவதே தப்பு போல என்று பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

கடைசியாக, புதுப் பள்ளி, காலேஜ், ஹாஸ்டல் என்று போகும்போதெல்லாம் "கூடப்பிறந்தவங்க எத்தனை பேர்?" என்ற கேள்வி வரும். வீட்டில் வைத்தே பதிலை யோசித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். "ஒரு அண்ணன் இருந்தான், தவறிட்டான்" என்று சொல்லலாம். மேலே கேட்டால் "அதைப் பத்தி இப்ப பேச வேணாம்" என்று நிறுத்தலாம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவரிடம் "நான் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டால்கூட அண்ணனுக்குச் செய்த துரோகம் ஆகாது. எனக்கு இன்றைக்கும் ஆளைப் பொறுத்துப் பதில் மாறும்.