விரதத்தோடு விட்ட குடி

ரங்கூனில் காவடி விரதம் தொடங்கிய அன்றே குடியையும் நிறுத்தினேன். பதினோரு வருஷமாகத் தினமும் அரை பாட்டில் ரம். ஒரே நாளில் விடுவதுதான் வீரம் என்று நினைப்பு. முட்டாள்தனம்! மறுநாள் தேநீர்க்கடையில் கோப்பையைத் தூக்கினால் பாதி தேநீர் தட்டில். அன்றிரவு சுவரெல்லாம் எறும்பு ஊர்ந்தது. "எறும்பே இல்லையே" என்றாள் மனைவி. அப்புறம் வலிப்பு.

டாக்டர்தான் விளக்கினார். மது மூளையை மந்தமாக்கும். அதை ஈடுகட்ட, நாள்பட்டுக் குடிப்பவரின் மூளை தன்னை முடுக்கியே வைத்திருக்கும். மது திடீரென்று நின்றதும் முடுக்கம் மட்டும் மிஞ்சும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். சிலருக்கு இரண்டு மூன்று நாளில் பிதற்றல், காய்ச்சல் வரும், உயிரே போகலாம். எனக்கு மூளையை அமைதிப்படுத்தும் டயசிபாம் மருந்து கொடுத்து, தினமும் அளவைக் குறைத்து, ஒரு வாரத்தில் நிறுத்தினார்கள். கூடவே தயாமின் ஊசி, அதாவது பி1 வைட்டமின்.

வீட்டுக்கு வந்தபின் தொல்லை மாலை ஆறு மணிதான். சரியாக அந்த நேரத்துக்கு மச்சான் வந்து அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் கடைக்கு இழுத்துப் போவார். வயிறு நிறைந்தால் ஆசை பாதி அடங்கும், எனக்கு அப்படி. சாராயக்கடை இல்லாத தெருவாகப் பார்த்துச் சுற்றித்தான் போவோம்.

காவடியை அடுத்த வருஷம்தான் எடுத்தேன்.