நிலப்பிளவின் வகையறிந்து அதிர்வை மதிப்பிடும் முறை

தென்காசிக்கு மேற்கே மலைகளை ஊடறுக்கும் அச்சன்கோவில் பிளவு மண்டலத்தை, அதாவது நிலத்தடிப் பாறைகள் முறிந்து நகர்ந்த பகுதியைப் பற்றிக் கேள்வியுற்று, நிலநடுக்கம் வருமோ என அஞ்சும் திருநெல்வேலிச் சீமையார், பிளவு எங்கே உள்ளது என்பதோடு நின்றுவிடாமல், அது எவ்வாறு நகரும் என்பதையும் கேட்க வேண்டும்.

முதலில், பாறைகள் நெருக்குண்டு ஒரு பக்கம் மறுபக்கத்தின்மீது ஏறும் எதிர்ப்பிளவா என்று பாருங்கள். ஒரே ரிக்டர் அளவிலும் ஒரே தொலைவிலும் இவ்வகையே பொதுவாகக் கூடுதலாகக் குலுக்கும். சாய்ந்த பிளவுத்தளம் மேலேறும் பக்கத்து ஊர்களின் அடியில் நீள்வதால், அங்கே அதிர்வு இன்னும் கடுமையாகும். நம்மைப்போலவே பழம்பாறை நிலமான மகாராஷ்டிரத்து லாத்தூரை 1993-இல் நிலநடுக்கமாகச் சிதைத்தது இத்தகைய நகர்வே.

பாறைகள் ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில் நகரும் பக்கவாட்டுப் பிளவாயின், பிளவு நெடுகப் பாறை முறிந்துகொண்டே ஓடும் திசையைக் கவனியுங்கள். அத்திசையில் உள்ள ஊர்களுக்கு ஆற்றல் திரண்டு ஒரே வீச்சாக வந்து சேரும், 1995 நிலநடுக்கத்தில் ஜப்பானின் கோபே நகரம் கண்டதைப்போல. பாறைகள் விலகிச் சரியும் இயல்புப் பிளவில் அதிர்வு பெரும்பாலும் சற்றுக் குறைவு.

ஆயினும், வீடு கட்டுவோர் மண்ணையே முதலில் சோதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: பிளவு எவ்வகையாயினும், தாமிரபரணிக் கரையின் ஆழ்ந்த வண்டல், கெட்டிப்பாறையைவிட அதிர்வைப் பெருக்கக்கூடும்.