காயம் ஆறிய பிறகு நிற்கும் அடையாளங்களை வீட்டிலேயே குறைப்பது எப்படி

பரு வற்றிய இடத்தில் நிற்கும் கறுப்புப் புள்ளி, நுளம்பு கடித்துச் சொறிந்த காலில் கிடக்கும் கறை, மோட்டார் சைக்கிள் சைலன்சர் சுட்ட கெண்டைக்கால், சத்திரசிகிச்சை வெட்டு, அம்மாள் வருத்தம் விட்டுப்போன குழி. எல்லாவற்றையும் தழும்பு என்றே சொல்கிறோம். கடையில் கேட்டாலும் எல்லாவற்றுக்கும் ஒரே கிறீமை எடுத்துத் தருவார்கள். காசு வீணாவது இங்கேதான். எதையும் பூசுவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பிறகு பகல் வெளிச்சத்தில் யன்னலருகே நின்று பாருங்கள்.

மேடும் பள்ளமும் இல்லாமல் சமமாக இருந்தால் அது தழும்பே அல்ல, நிறம் மட்டும்தான். தோலில் வீக்கமோ காயமோ வந்தால் நிறத்தை உண்டாக்கும் கலங்கள் அளவுக்கு மீறி மெலனினைச் சுரக்கின்றன. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் இது அதிகம். மண்ணிறமாக இருந்தால் நிறம் மேற்தோலில் நிற்கிறது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் பெரும்பாலும் மங்கிவிடும். சாம்பலோ நீலமோ கலந்த கறுப்பு என்றால் ஆழத்தில் இறங்கிவிட்டது. வருடக் கணக்கில் எடுக்கும்.

தடித்து மேடாக, அரிப்போடு இருந்தால் காயத்தை மூட வந்த கொலாஜன் அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்திருக்கிறது. அந்த மேடு பழைய காயத்தின் எல்லைக்குள்ளேயே நின்றால் சிலிக்கோன் தாளோ ஜெல்லோ நன்றாக உதவும். எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் தோலிலும் பரவினால் அது கீலொயிட். காது மடல், நெஞ்சு, தோள்மூட்டு, தாடை ஆகிய இடங்கள் இதற்குப் பேர்போனவை. காது குத்திய இடத்தில் உருண்டையாக வளரும் கட்டியை வீட்டில் நூல் கட்டி அறுக்கப் போகாதீர்கள்; முன்னதை விடப் பெரிதாகத் திரும்பி வரும். குடும்பத்தில் ஒருவருக்குக் கீலொயிட் வந்திருந்தால் பிள்ளைக்கு இரண்டாவது காதுத்துளை, மூக்குத்தி எல்லாவற்றையும் யோசித்துச் செய்யுங்கள்.

பள்ளமாக இருந்தால் வீட்டில் முடிவது கொஞ்சம்தான். இரண்டு விரலால் தோலை மெல்ல இழுத்துப் பிடியுங்கள். குழி மறைந்தால் அது மேலோட்டமானது, ரெட்டினொயிட் என்ற விற்றமின் ஏ வகைக் கிறீமை மாதக் கணக்கில் பூச ஓரளவு மட்டமாகலாம். இழுத்தும் மறையாத, ஊசி குத்தியது போன்ற ஆழக் குழியைக் கிறீம் நிரப்பாது. அதற்குத் தோல் வைத்தியரிடம்தான் வழி இருக்கிறது. ஒன்லைனில் விற்கும் ஊசி உருளையை வாங்கி முகத்தில் உருட்ட வேண்டாம். கிருமி உள்ளே போகும், குழியோடு கறுப்பும் சேரும்.

காயம் புதிதாக இருக்கும்போதே

தழும்பைக் குறைக்க மிக நல்ல நேரம் அது உண்டாகும் முதல் மூன்று வாரம். காயத்தைக் காற்றாட விட்டுப் பொருக்குக் கட்ட வைப்பது நம் வீடுகளில் பழகிய முறை. ஆனால் காய்ந்த பொருக்கின் அடியில் புதுத்தோல் ஊர்ந்து மூட அதிக நாள் பிடிக்கும். நாள் கூடினால் தழும்பும் கூடும். தினம் ஒரு தடவை சுத்தமான தண்ணீரும் மென்மையான சவர்க்காரமும் கொண்டு கழுவி, ஒற்றித் துடைத்து, பெற்றோலியம் ஜெலியை மெல்லிய படையாகப் பூசி, ஒட்டாத கட்டுத்துணியால் மூடுங்கள். புது டப்பாவில் இருந்து எடுங்கள். வீட்டில் எல்லோரும் விரல் விட்ட டப்பா வேண்டாம். தினமும் ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெரொக்சைட் ஊற்றினால் கிருமியோடு புதுக் கலங்களும் சாகும்.

சைலன்சர் சுட்டால் உடனே குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓட விடுங்கள். சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் எப்போது செய்தாலும் பலன் உண்டு. ஐஸ், பற்பசை, வெண்ணெய் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சூடு உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தாலோ, தோல் வெளிறித் தோல்வார் போல விறைத்து வலியே தெரியாவிட்டாலோ வைத்தியசாலைக்குப் போங்கள்.

அம்மாள் வருத்தத்தில் குழி விழுவது பெரும்பாலும் சொறிவதாலும் கொப்புளத்தில் கிருமி சேர்வதாலும்தான். பிள்ளையின் நகத்தை ஒட்ட வெட்டி, இரவில் பருத்திக் கையுறை போட்டு, கலமைன் பூசுங்கள். வேப்பிலைத் தண்ணீர் வார்ப்பதில் பிழையில்லை. வேப்பிலையால் உரசுவதுதான் பிழை.

வெயிலை மறிக்காமல் எந்த மருந்தும் வேலை செய்யாது

கொழும்பில் வானம் தெளிந்த நாட்களில் நண்பகல் புற ஊதாச் சுட்டி, அதாவது வெயில் தோலைச் சுடும் வலிமையைக் காட்டும் எண், 11ஐத் தாண்டுவது வழக்கம். இரவெல்லாம் மருந்து பூசி மெல்ல மங்கிய கறுப்பை, ஒரு மத்தியானம் குடையில்லாமல் கோல்பேஸ் திடலில் நின்றால் திரும்ப வாங்கிவிடலாம். கண்ணாடி யன்னலை நம்பாதீர்கள். சாதாரணக் கண்ணாடி சுடும் கதிரை மறித்தாலும் நிறத்தைக் கூட்டும் நீண்ட அலைக் கதிரை (யூ.வி.ஏ.) பெருமளவு உள்ளே விடும். வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்கு வேலைக்குப் போகிறவர் காலையில் வடக்கு நோக்கிப் போகிறார், வெயில் வலப்பக்கம். மாலையில் தெற்கு நோக்கித் திரும்புகிறார், அப்போதும் வெயில் வலப்பக்கம். பஸ்ஸில் இரண்டு பயணத்திலும் சாரதி இருக்கும் பக்கத்தை விட்டு, வாசல் பக்க ஆசனத்தில் இருப்பது செலவில்லாத வைத்தியம்.

சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல், நீண்ட அலைக் கதிரையும் மறிக்கும் வகையாக இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் பிழை விடுவது அளவில். சுட்டுவிரல் முழுவதும் ஒரு கோடு, நடுவிரல் முழுவதும் ஒரு கோடு. முகத்துக்கும் கழுத்துக்கும் இந்த இரண்டு கோடும் வேண்டும். பயறளவு பூசினால் போத்தலில் எழுதியிருக்கும் பாதுகாப்பில் சொற்பமே கிடைக்கும். வெளியில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, வியர்த்துத் துடைத்தால் உடனேயே திரும்பப் பூசுங்கள். இந்தப் புழுக்கத்துக்கு ஜெல் வகை ஒத்துவரும். கெட்டியான கிறீம் பருவைக் கூட்டலாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம் தோலில் கறுப்பைக் கூட்டுவதால், இரும்பு ஒக்சைட் சேர்த்த, தோல் நிறச் சாயமுள்ள சன்ஸ்கிரீன் கறுப்புப் புள்ளிக்கும் மங்குக்கும் கூடுதல் நல்லது. வெள்ளையாகத் திட்டுப் பிடிக்கும் தொல்லையும் அதில் குறைவு. குடையையும் விடாதீர்கள்.

கறுப்பைக் குறைக்கும் மருந்துகள்

முதலில் பருவை அடக்குங்கள். புதுப் பரு வந்துகொண்டே இருக்கும்போது பழைய புள்ளிக்குப் பூசுவதில் பயனில்லை. அசெலயிக் அமிலம் இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்வதால் அதிலிருந்து தொடங்குவதே புத்தி. 15 முதல் 20 சதவீதம், இரவில் முகம் கழுவிக் காய்ந்த பிறகு மெல்லிய படை. முதல் இரண்டு வாரம் சுள்ளென்று கடிக்கும். தாங்க முடியாவிட்டால் ஒன்றுவிட்ட நாள் பூசுங்கள். கர்ப்பிணிகளும் பாவிக்கலாம் என்பது இதன் பெரிய நன்மை. காலையில் நயசினமைட் 4 அல்லது 5 சதவீதம், அதன்மேல் சன்ஸ்கிரீன். இவ்வளவே பலருக்குப் போதும்.

அடப்பலீன் என்ற ரெட்டினொயிட் 0.1 சதவீதம் பருவுக்கும் மேலோட்டக் குழிக்கும் நல்லது. ஆனால் மரியாதையோடு தொட வேண்டிய மருந்து. முகம் கழுவி இருபது நிமிடம் காய விட்டு, முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. மூக்கோரம், உதட்டோரம், கண்ணோரம் விட்டுவிடுங்கள். முதல் இரண்டு வாரம் மூன்று நாளுக்கு ஒரு இரவு, பிறகு ஒன்றுவிட்ட இரவு. ஆரம்ப வாரங்களில் பரு கூடுவது போலத் தெரியும், பயந்து நிறுத்த வேண்டாம். உரிந்து எரிந்தால் முதலில் ஈரப்பத கிறீம், அதன்மேல் மருந்து. எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு தொடர்ந்தால் அந்த எரிச்சலே புதுக் கறுப்பாகும். கர்ப்பமாக இருப்பவர், கர்ப்பம் எதிர்பார்ப்பவர் இதைத் தொடக் கூடாது.

எதையும் ஒரே நாளில் சேர்த்துத் தொடங்காதீர்கள். புதிதாக ஒன்றைக் காதுக்குப் பின்னால் ஐந்து நாள் பூசிப் பார்த்து, சுகமென்றால் முகத்துக்கு வாருங்கள். அடுத்ததற்கு மூன்று வாரம் பொறுங்கள். கண்ணாடியில் தினம் பார்த்தால் மாற்றம் தெரியாது. ஒரே யன்னல், ஒரே நேரம், நாலு வாரத்துக்கு ஒரு படம் எடுத்து வையுங்கள். பன்னிரண்டு வாரத்துக்கு முன் மருந்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

மேடான தழும்புக்குச் சிலிக்கோன்

தையல் வெட்டி, காயம் முழுக்க மூடி, கசிவு நின்ற பிறகே தொடங்குங்கள். சிலிக்கோன் தாளைத் தழும்பை விடச் சுற்றிவர ஒரு சென்ரிமீற்றர் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள். முதல் நாள் நாலு மணித்தியாலம், அடுத்த நாள் எட்டு, பிறகு பன்னிரண்டுக்குக் குறையாமல். குறைந்தது மூன்று மாதம். தினம் ஒரு முறை கழற்றித் தாளையும் தோலையும் சவர்க்காரத்தால் கழுவி, தாளைத் துவாயால் துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். துவாயின் நூல் ஒட்டினால் பசை போய்விடும். நம் வேர்வையில் தாளின் அடியில் வேர்க்குரு போடுவதுதான் பலர் கைவிடக் காரணம். பகலில் கழற்றிவிட்டு மாலையில் குளித்து, தோல் நன்றாகக் காய்ந்ததும் ஒட்டி, மின்விசிறிக்குக் கீழே இரவு முழுக்க வைத்திருங்கள்.

முகத்துக்கும் மூட்டுக்கும் சிலிக்கோன் ஜெல் வசதி. நாளுக்கு இரண்டு முறை, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக. ஐந்து நிமிடத்தில் காயாவிட்டால் அதிகம் பூசிவிட்டீர்கள். மிச்சத்தை ஒற்றி எடுங்கள்.

காயம் மூடி இரண்டு மூன்று வாரமானதும் அழுத்தித் தேய்ப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு, பெருவிரலால் தழும்பின் நிறம் வெளிறும் வரை அழுத்தி, வட்டமாகவும் குறுக்காகவும் ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு தரம். மேலே வழுக்கினால் போதாது, அடியில் உள்ள தோல் நகர வேண்டும். முகத்தில் பரு உள்ளவர் தேங்காய் எண்ணெய்க்குப் பதிலாகப் பெற்றோலியம் ஜெலி எடுங்கள். தழும்பு ஒரு வருடத்துக்கு மேலும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், ஆறாம் மாதம் தடித்திருந்தாலும் நம்பிக்கையை விட வேண்டாம்.

சமையலறைப் பொருளும் பேரில்லாக் கிறீமும்

தேசிக்காயை முகத்தில் பூசாதீர்கள். அதன் புளிப்பு தோலைப் புண்ணாக்கும். இன்னும் மோசமானது, தேசிக்காய்த் தோலில் உள்ள சொராலின் வகைப் பொருட்கள் வெயில் பட்டதும் நம் தோலைச் சுட்டுவிடும். தேசிக்காய் பிழிந்து கழுவாத கையோடு வெயிலில் போனவருக்குச் சாறு வழிந்த கோடு கோடாகவே கறுப்பு விழுந்து மாதக் கணக்கில் நிற்கும். அப்பச்சோடாவும் பற்பசையும் எரிச்சல் தரும். விற்றமின் ஈ எண்ணெய் தழும்பை மாற்றியதாக நல்ல சான்று இல்லை; ஒவ்வாமைச் சொறி தருவது நன்றாகத் தெரியும். கற்றாளை குளிர்ச்சி தரும். வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்க ஓட விட்டு, கழுவி, உள்ளே இருக்கும் தெளிந்த சதையை மட்டும் எடுங்கள். மரமஞ்சளும் சந்தனமும் மென்மையாக, நன்றாக அரைத்திருந்தால் பாதகமில்லை. கரடுமுரடாகத் தேய்த்தால் மேற்தோல் கீறும்.

ஒரு வாரத்தில் வெள்ளையாக்கும் என்று புறக்கோட்டை நடைபாதையிலும் முகநூலிலும் விற்கும் கிறீம்கள்தான் உண்மையான ஆபத்து. இப்படிப்பட்டவற்றில் பாதரசமோ வலுவான ஸ்ரீரொயிட்டோ இருக்கலாம். பாதரசம் தோல் வழியாக உடம்புக்குள் போய் சிறுநீரகத்தைக் கெடுக்கும். துவாய், தலையணை வழியாக வீட்டுக் குழந்தைக்கும் போகும். உற்பத்தியாளர் முகவரி இல்லாதது, பொருட்பட்டியலில் கலமெல் அல்லது மெர்க்குரி என்ற சொல் இருப்பது, தங்க நகையில் படாமல் பூசச் சொல்வது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் வாங்காதீர்கள். ஸ்ரீரொயிட் கலந்தது முதலில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கும், பிறகு தோல் மெலிந்து, சிறு இரத்தக் குழாய்கள் தெரிந்து, நிறுத்தியதும் முகம் சிவந்து பரு கொட்டும். ஹைட்ரோக்குயினோன் நல்ல மருந்துதான், ஆனால் வைத்தியர் சொன்ன மாதங்களுக்கு மட்டும். வருடக் கணக்கில் பூசினால் நீலக்கறுப்பாகப் படிந்து போகாமலே நிற்கும்.

வைத்தியரிடம் போக வேண்டியவை

மார்பிலும் முதுகிலும் மெல்லிய செதிலோடு வெளிறிய புள்ளிகள் இருந்தால் அது தேமல், பங்கசு மருந்தால் மாறும். செதில் இல்லாத வெளிறிய அல்லது செம்பு நிறத் திட்டில் பஞ்சால் தொட்டால் தெரியவில்லை என்றால் தாமதிக்க வேண்டாம். அது தொழுநோயாக இருக்கலாம். மருந்து இலவசம், முழுமையாகக் குணமாகும். வளரும் மச்சம், மாதமாகியும் ஆறாத புண், பழைய சூட்டுத் தழும்பில் புதிதாக வரும் புண், வளரும் கீலொயிட் எல்லாவற்றையும் காட்டுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தோல் நோய்க் கிளினிக் இருக்கிறது, கட்டணமில்லை. போகும்போது முகத்தில் எதுவும் பூசாமல் போங்கள். இதுவரை பாவித்த கிறீம் எல்லாவற்றையும், பெயர் சொல்ல வெட்கப்படுவதையும் சேர்த்து, ஒரு பையில் கட்டிக் கையோடு கொண்டு போங்கள்.