பிரான்சில் தஞ்சம் கேட்டிருக்கும் பிள்ளை எப்போது வேலைக்குப் போகலாம்? தாளைப் பார்த்து நாள் எண்ணும் முறை

இங்கே நீலகிரியில் கொளப்பள்ளி லைன் வீடுகளில் பலருக்கும் இலங்கையின் ஹட்டன், நுவரெலியா பக்கம் இன்னும் சொந்தம் இருக்கிறது. அந்தச் சொந்தத்தில் ஒரு பையன் பாரிஸில் தஞ்சம் கேட்டிருக்கிறான். பக்கத்து வீட்டு அக்கா போனை நீட்டி, "தம்பி, இவன் எப்ப வேலைக்குப் போலாம்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

படி 1: இரண்டு தாளையும் பிரித்து வையுங்கள்.
ஒன்று, பிரெபெக்சர் என்ற அரசு நிர்வாக அலுவலகம் கொடுத்த, தஞ்சம் கேட்டவர் என்று காட்டும் போட்டோ ஒட்டிய சான்று. இன்னொன்று, தஞ்சம் தருவதா இல்லையா என்று முடிவு செய்யும் ஒஃப்ரா அலுவலகம் அனுப்பிய கடிதம். சான்று கையில் வந்த 21 நாளுக்குள் விண்ணப்பப் படிவத்தை ஒஃப்ராவுக்கு அனுப்ப வேண்டும். அதைப் பதிந்துகொண்ட பிறகுதான் இந்தக் கடிதம் வரும்.

படி 2: கடிதத்தில் உள்ள பதிவுத் தேதியிலிருந்து எண்ணுங்கள்.
அக்கா இதில்தான் தவறினார். சான்றில் ஜனவரி 8 என்று இருந்ததால் காலண்டரில் ஜூலை 8ஐ வட்டம் போட்டிருந்தார். ஒஃப்ரா பதிந்த தேதியோ பிப்ரவரி 3. அதனால் ஆறு மாதம் ஆகஸ்ட் 3இல்தான் முடியும். அதுவரை முடிவு வராமல், தாமதமும் அவனால் ஏற்படாமல் இருந்தால் வேலை அனுமதி கேட்கலாம். முன்பு 9 மாதம் காத்திருக்க வேண்டும். 2019 மார்ச்சில்தான் 6 ஆனது. அதற்குள் மறுப்பு வந்துவிட்டால், மேல்முறையீடு செய்தாலும் இந்த வழி இல்லை. அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டால் தனி அனுமதியே வேண்டாம்.

படி 3: அதுவரை அவனிடம் பணம் கேட்காதீர்கள்.
அரசு தங்க இடம் கொடுத்திருந்தால், தனி ஆளுக்கு ஒரு நாளைக்கு 6.80 யூரோ உதவித்தொகை. அது ஒரு கார்டில் ஏறும். கடையில் தேய்த்துச் சாமான் வாங்கலாம், ரொக்கமாக எடுக்க முடியாது. "ஒரு ஆயிரம் ரூபா கூட அனுப்ப மாட்டேங்கிறான்" என்று அக்கா வருத்தப்பட்டார். கார்டு விவரத்தைச் சொன்னதும் கண் கலங்கிவிட்டது. 1964இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்த எங்கள் அப்பாயி மண்டபம் முகாமில் இறங்கி, நேரே இங்கே தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனவர். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவே போட்ட தோட்டம் இது. அந்தப் பையனுக்கோ உடம்பில் தெம்பிருந்தும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டிய நிலை. எனக்கு அது பெரிய அநியாயமாகத்தான் படுகிறது.

படி 4: முதலில் முதலாளி, அப்புறம் அனுமதி, அதற்குப் பிறகே வேலை.
வேலை தருவதாக ஒருவர் எழுதிக் கொடுத்து, அவரே இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. சான்று காலாவதியானால் அனுமதியும் போய்விடும். எனவே சான்றைப் புதுப்பிக்கும் தேதியையும் அதே காலண்டரில் வட்டம் போடுங்கள். அக்கா வீட்டுக் காலண்டரில் இப்போது இரண்டு வட்டம் இருக்கிறது.