என் கண்ணுக்கு மட்டும் தெரியாத பூஞ்சை

தோல் மருத்துவப் பயிற்சியின் தொடக்கத்தில், படர்தாமரை என்று பார்த்தாலே தெரியும் நோயாளிகளுக்கும் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு ‘பூஞ்சை இல்லை’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். குறை நுண்ணோக்கியில்தான் என்று நம்பினேன். என்ன ஒரு திமிர்!

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு ஒருநாள் மூத்த மருத்துவரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் படர்தாமரை வட்டத்தின் நடுவில் சுரண்டுவேன். அது ஆறிவரும் இடம். அவர் செதில் உதிரும், சற்றே மேடான விளிம்பில் சுரண்டினார். சுரண்டியதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு துளி விட்டு, தோலின் கடினப் புரதமான கெரட்டின் கரையப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டார். எனக்கு அந்தப் பொறுமையே இருந்ததில்லை. பிறகு நுண்ணோக்கியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரைத் தாழ்த்தி வெளிச்சத்தைக் குறைத்தார். வெற்றுப் பளபளப்பாகத் தெரிந்த இடத்தில் கிளைவிட்ட பூஞ்சை இழைகள் எழுந்துவந்தன.

அடுத்து எதிர்ப்பக்கம் சறுக்கினேன்: செல்களின் ஓரங்களையெல்லாம் பூஞ்சை என்றேன். ஓரக்கோடு செல்லைச் சுற்றி வளைந்து போகும். உண்மையான இழை செல்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். இதைப் பிடிக்க எனக்கு முப்பது, நாற்பது தகடுகள் ஆயின.

இப்போது சுரண்டும் முன்பே கேட்டுவிடுகிறேன்: “ஏதாவது களிம்பு தடவினீர்களா?” ஸ்டீராய்டு களிம்பு தடவியிருந்தால் அந்த விளிம்பே மங்கிப்போயிருக்கும்.